துண்டு கட்டிய கதவு

ஜனவரி 2, வியாழன்

பிளான்ட்டில் இந்த வருஷமும் டைரி கொடுத்தார்கள். "எனக்கு எழுத என்ன இருக்கு, பழைய பேப்பரோட போடு" என்றார் இவர். நான் எடுத்து வைத்துக்கொண்டேன். பகலில் யாரிடமாவது எதையாவது சொல்லவேண்டும் போல இருந்தால் எனக்கு இது வசதி. பேனா சத்தம் போடாது.

இவருக்கு சி ஷிப்ட். ராத்திரி பத்து மணிக்கு பாய்லர் முன்னால் போய் உட்கார்ந்தால் காலை ஆறு மணிக்குத்தான் எழுந்திருக்கலாம். வீடு வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுக்க ஒன்பதரை ஆகிவிடும். அதிலிருந்து சாயங்காலம் நான்கு மணிவரை இந்த வீட்டில் ஒரு கரண்டி கீழே விழக்கூடாது. குக்கர், மிக்சி வேலையெல்லாம் இவர் வருவதற்குள் முடிந்துவிடும். துணியைக் கல்லில் அடிக்காமல் கையால் கசக்குவேன். தோள்பட்டை விட்டுப்போகிறது.

எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு ஆள் தூங்குகிற வீட்டின் கதவுக் கைப்பிடியில் ஒரு துண்டு கட்டியிருக்கும். துண்டைப் பார்த்தால் மீன்காரர் கூவமாட்டார். கூரியர்காரர் பெல் அடிக்கமாட்டார். மற்ற வீடுகளில் ஷிப்ட் மாற மாற வாரத்துக்கு வாரம் துண்டு ஏறும், இறங்கும். எங்கள் கதவில் துண்டு வெயிலில் நிறம் போனால் புதுசு மாற்றுவேன், அவ்வளவுதான். இவருக்கு வருஷக்கணக்காக சி ஷிப்ட் மட்டும்தான். அது ஏன் என்பதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்று அலுப்பாக இருக்கிறது.

ஜனவரி 8, புதன்

மகள் தன்ஷிகாவைக் கூப்பிட ஸ்கூலுக்குப் போனபோது ஜெனிட்டா மிஸ் என்னை உட்காரச் சொன்னார். யு.கே.ஜி. பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலி. முழங்கால் தாடையில் இடித்தது.

"தன்ஷிகாம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பிள்ள நார்மலா இல்ல."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்.

"ஜூன்ல சேந்தா. இன்னும் அவ குரல நான் கேக்கல. பேரு கேட்டா வாய அசைக்கா, சத்தம் வரமாட்டேங்கு. குதிங்கால் தரையில படாம நுனிக்கால்லயே நடக்கா. தண்ணி வேணும்னா என் சேலைய ரெண்டு தடவ இழுக்கா. மத்த பிள்ளைங்க கத்துனா பெஞ்சுக்கு அடியில போய் உக்காந்துக்கிடுதா. சிரிச்சாக்கூட வாயக் கையால பொத்திக்கிட்டுத்தான் சிரிக்கா."

வீட்டில் நன்றாகப் பேசுவாளே என்றேன். மிஸ் "என்ன சொன்னீங்க?" என்று முன்னால் குனிந்தார். திரும்பச் சொன்னேன். அந்த வகுப்பறையில் அவ்வளவு இரைச்சல். அவருக்குக் காது கேட்காதது ஆச்சரியமில்லை.

ஹெட் சிஸ்டர் சொல்லிவிட்டாராம். டாக்டரிடம் காட்டவேண்டும். ஏப்ரலுக்குள் ஏதாவது மாற்றம் தெரியவேண்டும். இல்லாவிட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கமாட்டார்கள், 'அந்த மாதிரி பிள்ளைகளுக்கான' பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளவேண்டும். வீட்டுக்கு வந்து கத்தரிக்காயை நறுக்கியபோதும் அந்த மாதிரி, அந்த மாதிரி என்றே மனசு சொல்லிக்கொண்டிருந்தது. சொத்தைக் கத்தரிக்காயையும் சேர்த்துக் குழம்பில் போட்டுவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

கீழ்வீட்டு பால்தங்கம் அக்காவிடம் படிக்கட்டில் நின்று சொன்னேன். அக்காவுக்கு இரண்டு பையன்கள். அவர்கள் வீட்டில் இருந்தால் எங்கள் வீட்டுத் தரை அதிரும்.

"ஏளா ரதி, ஓம் பிள்ளைய மாதிரி ஒண்ணு எனக்குப் பொறந்திருந்தா கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டியிருப்பேன். இவனுவளக் கூட்டிட்டுப் போயி அந்த மிஸ்சுட்ட விடு. அப்பத் தெரியும் எது நார்மல்னு."

கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இந்த பிளாக்கிலேயே அடக்கமான பிள்ளை என்றால் எல்லோரும் தன்ஷியைத்தான் காட்டுவார்கள். நான் அடித்து வளர்க்கவில்லை. அதட்டியதுகூடக் கிடையாது. அதட்டினால் சத்தம் கேட்கும்.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னதான் குறை என்று நானும் பார்க்கிறேனே.

எழுந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வாசலில் ஒவ்வொன்றாக வைத்தாள். டப்பா மூடியைத் திறக்கும்போது பாவாடை நுனியை அதன்மேல் அழுத்திக்கொண்டு திறந்தாள். பசி என்றால் வயிற்றைத் தொடுவாள். அப்பா என்றால் கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்ப்பாள். இங்கே வா என்றால் சேலையை இரண்டு தரம் இழுப்பாள். மிஸ்ஸுக்கு இது தெரியாமல் போனதற்குப் பிள்ளை என்ன செய்யும்?

மத்தியானம் என் காதோடு ஒட்டிக்கொண்டு ஒரு முயல் கதை சொன்னாள். முயலுக்கு வாலில் முள் குத்திவிட்டதாம், அது அழாமல் மருந்து போட்டுக்கொண்டதாம். எவ்வளவு தெளிவாகச் சொன்னாள்! மூச்சுக்காற்று காதில் பட்டுக் கூசியது. இவள் பேசமாட்டாளாம்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

இவர் ஷிப்ட் முடிந்து வந்த பிறகுதான் பானை வைத்தோம். பால் பொங்குவதற்குள் கட்டிலில் போய்ச் சாய்ந்துவிட்டார். கீழே அக்கா வீட்டில் குலவை போட்டு, பையன்கள் தட்டில் தட்டி ஒரே கூத்து. எங்கள் பாலும் பொங்கியது. நானும் தன்ஷியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து 'பொங்கலோ பொங்கல்' என்று வாயை மட்டும் அசைத்தோம். அவளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஜனவரி 20, திங்கள்

மோட்டார் ரிப்பேர். தண்ணீர் இல்லை. இன்று இவ்வளவுதான்.

ஜனவரி 25, சனி

திருநெல்வேலிக்குப் போய்க் குழந்தை வளர்ச்சி டாக்டரைப் பார்த்தோம். மெஹருன்னிசா என்று பெயர். இவர் ஷிப்ட் முடித்துக் குளிக்காமல்கூடக் கிளம்பினார். பஸ்ஸில் ஏறியதும் கம்பியில் தலையைச் சாய்த்தவர் பாளையங்கோட்டை வந்துதான் கண் விழித்தார். ஆஸ்பத்திரிக் கூடத்தில் மூச்சு முட்டுகிற கூட்டம். நாலு பிள்ளைகள் ஒரே நேரத்தில் வீறிட்டு அழுகிறார்கள், டிவி வேறு ஓடுகிறது, நர்ஸ் பெயர் சொல்லிக் கத்துகிறார். அதற்கு நடுவில் இவர் பிளாஸ்டிக் நாற்காலியில் வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்குகிறார். எனக்கு மானம் போயிற்று. பிள்ளையைக் காட்ட வந்த இடத்திலா? எழுப்ப மனசும் வரவில்லை. நானும் தன்ஷியும் மட்டும் உள்ளே போனோம்.

டாக்டர் நல்ல மாதிரி. ஆனால் காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது. நான் எதைச் சொன்னாலும் "கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா" என்றார். கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு படித்தவர், தனக்கு ஒரு மெஷின் வாங்கி மாட்டிக்கொள்ளக்கூடாதா? கடைசியில் பார்த்தால் காது டெஸ்ட் தன்ஷிக்கு எழுதிக் கொடுக்கிறார்!

"எம் பிள்ள நார்மலா இல்லையா டாக்டர்?" என்று கேட்டேன். இரண்டு தரம் கேட்கவேண்டி வந்தது.

"அத இன்னைக்கே சொல்ல முடியாதும்மா. பேசாம இருக்கறது, நுனிக்கால்ல நடக்கறது எல்லாம் சில கோளாறுக்கு அடையாளமாவும் இருக்கலாம், ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். இந்த வயசுல முக்கால்வாசிப் பிள்ளைங்க ஏதாவது ஒண்ணு வித்தியாசமாத்தான் செய்யும். எத்தன நாளா இருக்கு, எங்கெங்க இருக்கு, அதனால பிள்ளைக்கு என்ன கஷ்டம்னு பாக்கணும். பிள்ளைய மட்டும் தனியா எடுத்து வச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது தன்ஷி மூலையில் இருந்த பொம்மைகளோடு விளையாடினாள். பொம்மையைப் படுக்கவைத்தாள், போர்த்திவிட்டாள். பொம்மை வீட்டின் கதவில் தன் கைக்குட்டையைக் கட்டினாள். பிறகு மற்ற பொம்மைகளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கைக்குட்ட எதுக்கும்மா?" என்றார்.

எங்கள் குவார்ட்டர்ஸ் வழக்கத்தைச் சொன்னேன். பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரி என்று அவருக்கும் தெரியட்டுமே.

பிப்ரவரி 1, சனி

காது டெஸ்ட் முடிந்தது. அவளுக்குக் காது நம் எல்லோரையும்விட நன்றாகக் கேட்கிறதாம். எனக்கு அது முன்பே தெரியும். இவருடைய கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் திரும்பும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும்.

பஸ்ஸைப் பற்றி எழுதும்போது ஞாபகம் வருகிறது. பஸ் ஏழு மணிக்கே வந்துவிடுகிறது. இவர் வீட்டுக்கு வர ஒன்பது ஆகிறது. சேவியர் அண்ணன் லாரிப் பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன் என்பார். சாயங்காலம் எழுந்ததும் மறுபடி அங்கேதான் போவார். சட்டை முதுகெல்லாம் கிரீஸ், சோப்புப் போட்டாலும் போவதில்லை. டீ குடிப்பவருக்கு முதுகில் எப்படிக் கிரீஸ் படும்? கேட்கவில்லை. பெற்ற பிள்ளையோடு ஒரு மணி நேரம் உட்கார மாட்டார், சிநேகிதன் மேல் அவ்வளவு பாசம்.

பிப்ரவரி 6, வியாழன்

ஸ்கூலில் யாருடைய சில்வர் டம்ளரோ சிமென்ட் தரையில் விழுந்து உருண்டிருக்கிறது. தன்ஷி நின்ற இடத்திலேயே விறைத்துப்போய், கவுனோடு ஒன்றுக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். மிஸ் வேறு ஜட்டி மாற்றி அனுப்பியிருந்தார். ஈரத் துணியைப் பையில் வைத்துக் கொடுத்தார்.

வரும் வழியில் தன்ஷி சைகையில் கேட்டாள். கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்து, பிறகு கண்ணை அகலமாகத் திறந்து காட்டினாள். அப்பா எழுந்துவிட்டாரா?

ஸ்கூலில் விழுந்த டம்ளருக்கு!

பிப்ரவரி 12, புதன்

இவருக்கு ஏன் சி ஷிப்ட் மட்டும் என்று எழுதுவதாகச் சொன்னதை எழுதிவிடுகிறேன். தன்ஷி கைக்குழந்தையாக இருந்தபோது பகல் முழுக்க வீறிட்டு அழுவாள். வயிற்று வலி. எந்தக் கஷாயத்துக்கும் கேட்கவில்லை. இவர் வாரக்கணக்கில் தூங்காமல் ஷிப்டுக்குப் போனார். ஒரு ராத்திரி பேனல் முன்னால் கண் அசந்துவிட்டார். பாய்லரில் தண்ணீர் மட்டம் இறங்கி, பிளான்ட்டே நின்றுபோனது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. மெமோ கொடுத்து, நிரந்தரமாக சி ஷிப்டில் போட்டுவிட்டார்கள். இன்னொரு தடவை கண் அசந்தால் வேலை கிடையாது.

அன்றைக்குக் கதவில் கட்டிய துண்டு. அதற்குப் பிறகு இவர் ஒருநாள்கூட அசந்ததில்லை. அதில் என் பங்கும் உண்டு. வெளியே சொல்லிக்கொள்வதில்லை, ஆனால் உண்டு.

பிப்ரவரி 22, சனி

மறுபடி திருநெல்வேலி. நான் மட்டும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் எங்கள் இருவரையும் ஒரு அறையில் விட்டு, "வீட்ல விளையாடற மாதிரி விளையாடுங்க" என்றார். செல்போனில் படம் எடுப்பதாகச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தார். பல்லாங்குழி மாதிரி ஒன்றைப் பிளாஸ்டிக் காயில் விளையாடினோம். நன்றாகவே பேசிச் சிரித்து விளையாடினோம். தன்ஷி இரண்டு ஆட்டம் ஜெயித்தாள்.

பிறகு அதை எனக்குப் போட்டுக் காட்டினார். வாய் அசைகிறது, கை அசைகிறது. சத்தத்தைக் காணோம்.

"சவுண்ட் வரலியே டாக்டர்."

"முழுசா வச்சிருக்கேன்மா."

"ஒண்ணும் கேக்கலியே. அமத்தி வச்சிருப்பீங்க."

அவர் போனை என் கையிலேயே கொடுத்தார். "நல்லாக் கேளுங்க. ஃபேன் சுத்துற சத்தம் கேக்குதா? வெளியில நர்ஸ் பேர் கூப்பிடுறது கேக்குதா?"

கேட்டது. ஃபேன் கடகடவென்று கேட்டது. 'முருகேஸ்வரி பேபி' என்று நர்ஸ் கூப்பிட்டது தெளிவாகக் கேட்டது. நடுவில் நாங்கள் இரண்டு பேர் வாயை அசைத்துக்கொண்டிருந்தோம்.

"உங்க பிள்ளைக்குப் பேசத் தெரியும்மா. கண்ணப் பாத்துப் பேசுறா, கதை கட்டுறா, அடுத்தவங்க மனசு புரியுது. எனக்கு அதுல சந்தேகம் இல்ல. ஆனா சத்தம்னா ஆபத்துன்னு கத்து வச்சிருக்கா. ஒங்க வீட்டுக்கு அது பொருந்துது. வீட்டுக்கு வெளிய அவளால வாழ முடியல. இத இப்படியே விட்டா நாளைக்கு நிஜமாவே பெரிய கோளாறா ஆயிரும். மொதல்ல நீங்க சத்தமாப் பேசணும். அப்புறம்தான் அவ."

நான் எனக்கு வைத்தியம் கேட்கவா வந்தேன்? பிள்ளைக்கு மருந்து கேட்டு வந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

எரிச்சல் அடங்கவில்லை. ஆக, குற்றம் என்மேல்தான். ராப்பகலாகப் பார்த்துப் பார்த்து வளர்த்ததற்கு இதுதான் பட்டம். அந்த டாக்டர் இங்கே வந்து ஒரு வாரம் சி ஷிப்ட்காரனுக்குச் சமைத்துப் போட்டுப் பார்க்கட்டும். இவர் வேலை போனால் அவரா வந்து குடும்பம் நடத்துவார்?

பலசரக்குக் கடைக்குப் போனேன். துவரம்பருப்பு கேட்டேன். கடைக்காரர் "என்னக்கா?" என்றார். பால் பூத்தில் "எத்தன பாக்கெட்?" என்று திரும்பக் கேட்டார்கள். ஆட்டோக்காரர் வண்டியை அணைத்துவிட்டு, "இப்ப சொல்லுங்க" என்றார்.

ஊரில் எல்லோருக்குமா காது மந்தம்?

இவரிடம் டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை. 'ஒண்ணும் பயப்பட வேண்டாம்னாங்க' என்று மட்டும் சொன்னேன். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வார்.

மார்ச் 3, திங்கள்

மத்தியானம் தன்ஷி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். குழாயில் நெற்றி இடித்தது. நான் ஓடினேன். அவள் முகம் சுருங்கி, வாய் திறந்தது.

என் கை அவள் வாயின்மேல் இருந்தது. எப்போது வைத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. நெற்றியில் ரத்தம் வருகிறது. அதைத் தொடவேண்டிய கை வாயில் இருக்கிறது.

அவள் திமிறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு காத்திருந்தாள். பழகிய பிள்ளையாகக் காத்திருந்தாள்.

கையை எடுத்தேன். எடுத்த பிறகும் அவள் அழவில்லை. தன் கையை எடுத்து அதே இடத்தில் வைத்துக்கொண்டாள்.

மார்ச் 4, செவ்வாய்

சாயங்காலம் இவர் எழுந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர், படம், குளியலறை எல்லாம். சொல்லிவிட்டு, "எனக்கு என்ன செய்யன்னு தெரியல. சத்தம் போட்டா உங்க வேலை போகுது. போடலன்னா பிள்ள போகுது" என்றேன்.

இவர் தன்ஷியின் நெற்றிப் பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார்.

"ரதி, நான் இந்த வீட்ல தூங்கி வருஷக்கணக்காச்சு."

"என்னது?"

"படுத்துக் கெடக்கேன். கண்ண மூடிக் கெடக்கேன். தூக்கம் வராது. ராத்திரி பூரா பாய்லர் காதுல இரைஞ்சுக்கிட்டே இருக்கும். இங்க வந்து படுத்தா ஒண்ணுமே கேக்காது. நீங்க ரெண்டு பேரும் எங்க இருக்கீங்க, என்ன செய்யுதீங்கன்னு காது தேடிக்கிட்டே முழிச்சிருக்கும்."

"அப்ப எங்கதான் தூங்குதீங்க?"

"பஸ்ல கொஞ்சம். அப்பறம் சேவியர் பட்டறையில. காலையிலயும் சாயங்காலமும். அங்க லாரிக்குக் கீழ சாக்க விரிச்சுப் படுத்திருவேன். அவன் தகரத்துல சுத்தியலப் போட்டு அடிக்க அடிக்க எனக்குக் கண்ணு சொக்கிரும்."

முதுகில் கிரீஸ்.

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்ல? நீ நுனிக்கால்ல நடக்கறதப் பாத்துக்கிட்டுத்தான படுத்திருக்கேன். பாப்பா செருப்பக் கையில தூக்கிட்டுப் போறதையும் பாத்துக்கிட்டுத்தான் படுத்திருக்கேன். எனக்காக இவ்வளவு செய்யுதீங்க, எனக்குத் தூக்கம் வரலன்னு எந்த வாயால சொல்ல?"

நான் நுனிக்காலில் நடக்கிறேனா? எழுந்து அடுப்படிவரை போய் வந்தேன். குதிங்கால் தரையில் படவில்லை. அழுத்தி வைத்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது.

எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. உடம்பு முழுக்க வலித்தது. இவ்வளவு வருஷத்து வலியும் சேர்ந்தாற்போல ஒரே நாளில் வலித்தது.

மார்ச் 5, புதன்

கதவிலிருந்து துண்டை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப்போயிருந்தது. கத்தரிக்கோல் தேவைப்பட்டது.

மார்ச் 10, திங்கள்

நினைத்த மாதிரி இல்லை. நான் பத்து மணிக்கு மிக்சி போட்டேன். இவர் உள்ளே படுத்திருக்கிறார். இன்று ஸ்கூல் லீவு. தன்ஷி எங்கிருந்தோ ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். கன்னத்தில் கை வைத்துக் காட்டுகிறாள், உதட்டில் விரல் வைக்கிறாள், என்னைப் பார்த்து முறைக்கிறாள். அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். அவள் கணக்கில் இன்று நார்மலாக இல்லாதவள் நான்தான்.

டாக்டருக்குப் போன் செய்தேன். "அவசரப்படாதீங்க. நீங்க மட்டும் பேசிக்கிட்டே இருங்க. அவளப் பேசச் சொல்லாதீங்க" என்றார். ஒரு நல்ல செய்தி, என்னைத் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

மாடியிலிருந்து மீன்காரரைக் கூப்பிட்டேன். "அண்ணே, சாளை இருக்கா?" என்று. தொண்டை கிழிந்தது போல ஒரு குரல் வந்தது. மீன்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். "யாரு, துண்டு வீட்டு அக்காவா? நீங்க ஊமைன்னுல்லா நெனச்சேன்!"

சிரிப்பு வந்தது. அடக்காமல் சிரித்தேன். தன்ஷி கதவுக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மார்ச் 21, வெள்ளி

ஜெனிட்டா மிஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பெஞ்சுக்கு அடியில் போவது குறைந்திருக்கிறது. பேச்சு இல்லை. டாக்டர் கொடுத்த கடிதத்தை ஹெட் சிஸ்டர் படித்தாராம். ஏப்ரல் கடைசிவரை பார்க்கலாம் என்றாராம். "நான் சிஸ்டர்ட்ட சொல்லியிருக்கேன், எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றார் மிஸ். எனக்கு அது அவ்வளவாக இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

தொண்டை கட்டிவிட்டது. நாள் முழுக்கப் பேசுவது இவ்வளவு பெரிய வேலை என்று தெரியாது. சாதம் வடிக்கிறேன் பாப்பா, மழை வரும் போல இருக்கு பாப்பா, இந்த உளுந்துல ஒரே கல்லு பாப்பா. பதிலே இல்லாமல் எவ்வளவு நேரம்தான் ஒருத்தி பேசுவாள்? மத்தியானம் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன். வீடு பழையபடி ஆனது. எனக்கு அது சுகமாக இருந்தது. அதுதான் பயம்.

மார்ச் 28, வெள்ளி

இவர் இப்போது பட்டறைக்குப் போவதில்லை. ரேடியோவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறார். இரைச்சல் இருந்தால் தூங்கிவிடுகிறார். குறட்டை வருகிறது. இந்த மனிதருக்குக் குறட்டை உண்டு என்பதையே நான் இந்த வீட்டில் மறந்திருந்தேன். தன்ஷி ரேடியோவை அணைக்கக் கை நீட்டினாள். குறட்டைச் சத்தம் கேட்டதும் கையை இழுத்துக்கொண்டு, அப்பாவின் வாயை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏப்ரல் 5, சனி

காலையில் இட்லிப் பொடிக்கு வறுத்து வைத்திருந்தேன். இவர் உள்ளே தூக்கம். மிக்சி ஓடுகிறது, நான் மிக்சிக்கு மேலே குரலை உயர்த்தி, மிளகாய் கருகிப்போன கதையைத் தன்ஷிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் அடுப்படி வாசலில் நின்று சேலையை இழுத்தாள். இரண்டு தரம். நான் திரும்பவில்லை. சேலையை இழுத்தால் திரும்பக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுபடி இழுத்தாள். என் கை பட்டு எவர்சில்வர் தாம்பாளம் மேடையிலிருந்து விழுந்தது. வேண்டுமென்று தள்ளவில்லை, அம்மன் சத்தியமாக. அது தரையில் விழுந்து, சுற்றிச் சுற்றி, அடங்க மறுத்து, அந்தச் சத்தம் முடியவே முடியாது போலிருந்தது.

தன்ஷி விறைத்தாள். கவுனைத்தான் முதலில் பார்த்தேன். நனையவில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு தெறித்தது. கை வாய்க்குப் போனது, பாதி வழியில் நின்றது.

"சத்தம் போடாதீங்கம்மா! அப்பா தூங்குதாங்க!"

என் ஆயுசில் அவ்வளவு பெரிய குரலைக் கேட்டதில்லை. மிக்சியை நிறுத்தினேன். கீழே பால்தங்கம் அக்கா வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "ஏளா ரதி, யாருளா அது?" என்று படியேறி வருகிற சத்தம் கேட்டது. தன் குரலைத் தானே கேட்டுத் தன்ஷி திகைத்துப்போய் நின்றாள். இருவரும் படுக்கையறையைப் பார்த்தோம். குறட்டை அதே தாளத்தில் வந்துகொண்டிருந்தது.

அவளைத் தூக்கிக் கொஞ்சவேண்டும் போல இருந்தது. மிக்சியை நிறுத்தினேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"என்னது பாப்பா? அம்மாவுக்குக் கேக்கலியே. இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.

சொன்னாள்.